மரத்தைக் காக்கும் செம்மண் கூழ்!

சுவீடன் நாட்டில் கிராமப் பக்கம் போனால், திரும்பின பக்கமெல்லாம் சிவப்பு. வீடு சிவப்பு. மாட்டுத் தொழுவம் சிவப்பு. தோட்டத்து மூலையில் நிற்கும் சின்ன மரக் கொட்டகையும் சிவப்பு!

அந்த நாட்டு மக்களுக்கு வேறு நிறமே பிடிக்காதா? அப்படி இல்லை. அந்தச் சிவப்பு, அழகுக்காக மட்டும் பூசுவது அல்ல. மரத்தின் ஆயுளைக் காப்பதற்காகப் பூசுவது.

ஈரமே எதிரி

தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு கொட்டகை அவசியம். மண்வெட்டி, விறகு, சைக்கிள், புல் வெட்டும் யந்திரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை மரப் பலகையால் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பனி கொட்டும். மற்ற மாதங்களில் மழை.

மரம் தண்ணீரை உறிஞ்சும். பிறகு காற்றிலும் வெயிலிலும் உலரும். நனைந்து உலர்ந்தால் பெரிய கெடுதல் இல்லை. நனைந்த மரம் உலராமலே இருந்தால்தான் ஆபத்து. பூஞ்சைக் காளான் பிடிக்கும். பலகை உளுத்துவிடும். விரலால் குத்தினால் பொலபொலவென்று உதிரும்.

வெயிலும் சும்மா விடாது. பலகையின் மேல் நாரைச் சிதைத்து, சாம்பல் நிறமாக்கிவிடும்.

ஆகவே, கொட்டகை கட்டியதும் முதல் கேள்வி இதுதான்: "எதைப் பூசுவது?"

எதை வாங்குவது?

கடையில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வார்னிஷ் பளபளக்கும். ஆனால், வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்து உரியும்.

கெட்டியான பெயிண்ட், மரத்தின் மேல் தோல் போல் மூடிக்கொள்ளும். அதில் ஒரு சின்ன வெடிப்பு விட்டால் போதும். மழைநீர் உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் சீக்கிரம் வெளியே வர முடியாது. வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல்!

கிரியோசோட் என்ற கருப்பு எண்ணெயை ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வேலிக்கும் கொட்டகைக்கும் பூசினார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று தெரிந்தது. 2003-ம் ஆண்டில் அதை வீட்டு உபயோகத்துக்கு விற்பதை ஐரோப்பிய யூனியன் தடை செய்தது.

பைன் மரத்திலிருந்து இறக்கும் கீல் நல்ல பூச்சுதான். நார்வே நாட்டில் போர்குண்ட் என்ற ஊரில் 800 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மரத் தேவாலயம் நிற்கிறது. அதற்குக் கீல்தான் பூசுகிறார்கள். ஆனால், திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

மிச்சம் இருப்பது சிவப்புப் பூச்சு. அது பிறந்த இடம் ஒரு செம்புச் சுரங்கம்!

குப்பையில் கிடைத்த புதையல்

சுவீடனில் பாலுன் என்று ஓர் ஊர். அங்கே சுமார் ஆயிரம் ஆண்டுகள் செம்பு வெட்டி எடுத்தார்கள். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் பெரும் பகுதி அங்கிருந்துதான் போயிற்று.

செம்பு குறைந்த கற்களை வேண்டாம் என்று வெளியே கொட்டினார்கள். அது மலை மலையாகக் குவிந்தது. மழையிலும் காற்றிலும் அந்தக் கல் இற்று, இரும்புச் சத்துள்ள மஞ்சள் மண்ணாக மாறியது.

அந்த மண்ணைக் கழுவி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். பச்சைச் செங்கல் சூளையில் சிவப்பதுபோல், மஞ்சள் மண் சிவக்கிறது. அதுதான் சாயம்!

கெடாத உடல்

அந்தச் சுரங்கத்தில் இன்னொரு பொருளும் உண்டு. அது அன்னபேதி என்ற இரும்பு உப்பு. அதன் சக்திக்குச் சாட்சியாக ஓர் உண்மைக் கதை சொல்கிறார்கள்.

1719-ம் ஆண்டு. சுரங்கத்தின் பழைய பாதை ஒன்றில், தண்ணீருக்குள் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. உடல் கெடவே இல்லை. நேற்று இறந்தவன் போல் இருந்தது. யார் அவன்? ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது வயதான பெண் ஒருத்தி வந்தாள். பெயர் மார்கரெட்டா. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை மட்ஸ் இஸ்ராயெல்சன்! அவன் காணாமல் போனது 1677-ல். அவளுக்கு முடி நரைத்துவிட்டது. அவனோ 42 ஆண்டுக்குப் பிறகும் இளைஞனாகவே கிடந்தான்!

அன்னபேதி, மயில்துத்தம் போன்ற உப்புகள் கலந்த சுரங்க நீர்தான் அந்த உடலைக் கெடாமல் காத்தது. சிவப்புப் பூச்சிலும் அன்னபேதி சேர்கிறது. மரத்தில் காளான் பிடிப்பதை அது தடுக்கிறது.

நம் ஊரில் புத்தகம் பைண்டு செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவதும், இதுபோலப் பசை கெடாமல் இருக்கத்தான்.

கூழ் காய்ச்சுவது போல

பூச்சு தயாரிப்பதில் பெரிய ரகசியம் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து அன்னபேதியைக் கரைக்கிறார்கள். கோதுமைக்கு உறவான 'ரை' என்ற தானியத்தின் மாவைப் போட்டுக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். அதில் சிவப்புத் தூளையும், ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துக் கிளறுகிறார்கள். அவ்வளவுதான்!

கூழ், சாயத்தை மரத்தோடு ஒட்டவைக்கிறது. சாயம் வெயிலைத் தடுக்கிறது. முக்கியமான விசேஷம், இந்தப் பூச்சு மரத்தை இறுக மூடுவதில்லை. உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். மரம் மூச்சு விடுகிறது!

இது தோல் தோலாக உரிவதும் இல்லை. நாளடைவில் தூளாக உதிரும். மறுபடி பூச வேண்டுமானால், தூளைப் பிரஷால் தட்டிவிட்டு மேலே பூசினால் போதும். சுரண்ட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

ரம்பத்தால் அறுத்த சொரசொரப்பான பலகையில்தான் இது நன்றாகப் பிடிக்கும். இழைத்த பலகைக்கு ஆகாது.

பழைய பெயிண்ட் மேல் ஒட்டாது. சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும்.

சாய்ந்து நின்றால் சட்டையில் சிவப்பு ஒட்டும். ஆகவே, உட்காரும் பெஞ்சுக்கு இதைப் பூசக் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும்! தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும்.

பலகை மண்ணில் படக் கூடாது. கொட்டகையைக் கல் மேல் தூக்கிக் கட்ட வேண்டும். அடியில் ஈரம் ஏறினால் எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாது.

அரண்மனை முதல் கொட்டகை வரை

16-ம் நூற்றாண்டில் இந்தச் சிவப்பு அரண்மனைக் கூரையில் ஏறியது. பிறகு பிரபுக்கள் மர மாளிகைக்குப் பூசினார்கள். செங்கல் மாளிகை போலத் தெரிய வேண்டும் என்று ஆசை! பின்னர் குடியானவர்களும் பூசத் தொடங்கினார்கள். பணக்காரர்கள் வெள்ளை, மஞ்சள் என்று மாறிவிட்டார்கள். குடியானவர் சிவப்பை விடவில்லை.

1992-ல் பாலுன் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. இன்று அங்கே செம்பு வெட்டுவதில்லை. ஆனால், அன்று வேண்டாம் என்று கொட்டிய குவியலிலிருந்து இன்றும் சாய மண் எடுக்கிறார்கள்.

செம்பு போய்விட்டது. குப்பை நின்று, கொட்டகைகளைக் காக்கிறது!