ஜொடெல் என்னும் சிறு விமானம்

வானிற் பறத்தல் என்றதும் பெரும் பொருட்செலவும் பெரிய தொழிற்சாலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. மரமும் துணியும் பசையும் கொண்டு எளிய முறையில் ஆக்கப்பெற்று, பலரைப் பறக்கச் செய்த விமானம் ஒன்று உண்டு. அதுவே பிரான்சு நாட்டின் ஜொடெல் டி.112 ஆகும்.

இரண்டாம் உலகப் போர் 1945 இல் முடிவுற்றபின் பிரான்சின் பறப்புக் கழகங்கள் புத்துயிர் பெற வேண்டியிருந்தன. பயில விரும்பியோர் பலர்; அவர்தம் கைக்கெட்டும் விலையில் விமானம் அரிது. 1946 இல் போன் என்னும் நகரில் எட்வார் ஜொலி என்பவரும் அவருடைய மருமகனார் ஷான் டெலெமோன்தேயும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். இருவர் பெயர்களின் முற்பகுதிகளும் சேர்ந்தே ‘ஜொடெல்’ என்றாயிற்று. அவர்களுடைய முதல் விமானம் ஒருவர் மாத்திரம் அமரத்தக்கது. 25 குதிரைவலு இயந்திரம் உடையது. அது 1948 சனவரியிற் பறந்தது. அதன் சிறப்பைக் கண்ட அரசாங்கம், கழகங்களுக்கு ஏற்ற இருவர் விமானத்தை விரும்பிற்று. அவ்வாறு தோன்றிய டி.11 இன் வழிவந்ததே 65 குதிரைவலுக் கொண்ட டி.112. ஆசிரியரும் மாணவரும் இதில் அருகருகே அமர்வர்.

இவ்விமானத்தை அடையாளங் காட்டுவது அதன் சிறகு. நடுப்பகுதி மட்டமாகச் செல்ல, இரு நுனிப்பகுதிகளும் மேல்நோக்கி மடிந்திருக்கும். இஃது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. நடுப்பகுதி முழுவதும் ஒரே அகலமாதலால், அதன் விலா மரங்களை ஒரே அளவில் வெட்டலாம், வேலை எளிதாகும். மேல்நோக்கிய நுனிகள், ஒரு பக்கம் சாயும் விமானத்தை மீண்டும் நிமிரச் செய்ய உதவும்.

இன்னுமொரு பயனும் உண்டு. வேகம் மிகக் குறைந்து, முகப்பு அளவுக்கு மேல் உயருமாயின், சிறகின் மேற்புறத்தில் காற்றோட்டம் குலைந்து, தாங்கும் ஆற்றல் குன்றிவிடும். நுனிகள் முதலிற் குலைந்தால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழலக்கூடும். ஜொடெலின் நுனிகள் சற்று முறுக்கப்பட்டு, நடுப்பகுதியினுங் குறைந்த கோணத்திற் காற்றை எதிர்கொள்வன. ஆதலின் நடுப்பகுதி முதலிற் குலையும். சாய்வைத் திருத்தும் பலகைகள் அமைந்த நுனிகள் அப்போதும் செயற்படும். புதிதாகப் பயில்வோனுக்கு இது உயிர்காக்கும் துணையன்றோ?

அமைப்பு எளிதாயிருந்தமையால் தொழிற்சாலைகள் மாத்திரமன்றி, மரவேலை கைவந்த தனியாரும் வரைபடத்தைக் கொண்டு தாமே இதனைக் கட்டினர். எனினும், எளிமை என்பது கவனமின்மை ஆகாது. ஈரம் மரத்தை உளுக்கச் செய்யும். பசைப் பொருத்துக்களையும் தளர்த்தும். இன்றும் பறக்கும் பழைய ஜொடெல்கள், அவற்றை ஒழுங்காகச் சோதித்துப் பேணுவோரின் உழைப்பினாலேயே பறக்கின்றன.

பொறியியல் பயில விழையும் மாணவர் இதனை மனங்கொள்க. பொருள் குறைந்த காலத்திலே சிந்தனை குறையவில்லை; சிறகின் ஒரு மடிப்பைச் செவ்வையாக எண்ணி அமைத்தமையால், செலவும் குறைந்தது; பாதுகாப்பும் மிகுந்தது.