கத்துக்குட்டியிடம் கை நீட்டுவது

தையல் பழகுகிற பையன் நாலு துணியைக் கெடுத்துத்தான் கற்கிறான். சமையல் பழகுகிறவர் சாம்பாரை அடிப்பிடிக்க விட்டுத்தான் பக்குவம் பிடிக்கிறார். பச்சை குத்தப் பழகுகிறவர் எதைக் கெடுத்துக் கற்பது?

இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் என் நண்பனின் தம்பி. சென்னையில் ஒரு டாட்டூ கடையில் தொழில் பழகுகிறான். "அண்ணே, உங்க கையைக் குடுங்க, காசு வேணாம்" என்று கேட்டான். கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன், அவனிடம் நிறையக் கேட்டேன். அதன் குறிப்பு இது.

முதலில் தோல். மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதுசாகிவிடும். மை அங்கேயே நின்றால் அதோடு போய்விடும். அதனால் ஊசி அதற்கடியில் இருக்கும் உட்தோலைத் தொட வேண்டும். ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான். குறைந்தால் மங்கும். கூடினால் கோடு கசிந்து பரவும். உட்தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால், புதிதாக வரும் செல் அதே மையை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதை எலிகளில் காட்டினார்கள். கத்துக்குட்டி போட்ட கோணல் கோட்டையும் உடம்பு இதே அக்கறையோடுதான் பாதுகாக்கும்!

பழகுவதற்குச் செயற்கைத் தோல், பன்றித் தோல், ஆரஞ்சுப் பழம் எல்லாம் உண்டு. ஆனால் ஆரஞ்சு மூச்சு விடாது, வியர்க்காது, பயத்தில் கையை இழுக்காது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் கோடு போடுவது மனுஷத் தோலில்தான் வரும். ஆக, என்றைக்காவது ஒருவர் முதல் ஆளாக உட்கார்ந்தே ஆகவேண்டும்.

அதற்கு முன் பல மாதம் அவன் வாடிக்கையாளரை ஊசியோடு தொட்டதே இல்லை. கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைப்பது, ஸ்டென்சில் எடுப்பது, வருகிறவர்களிடம் பேசுவது, இதுதான் வேலை. "என்னடா எடுபிடி வேலை" என்று அவனுக்கு எரிச்சல். எனக்கென்னவோ பாடமே அதுதான் என்று தோன்றுகிறது. பதினெட்டு ஆகிவிட்டதா, சாப்பிட்டாச்சா, குடித்திருக்கிறாரா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் சிலர் மயங்கி விழுவார்கள்.

தமிழ் எழுத்து தனிப் பிரச்சினை. மை வருஷக்கணக்கில் லேசாகப் பரவும். ண, ழ மாதிரி எழுத்துகளைச் சின்னதாகப் போட்டால் உள்ளே இருக்கும் இடைவெளி அடைத்துக்கொள்ளும். என் பாட்டி தாத்தா பேரை வாயால் சொல்லமாட்டாள், கையில் குத்தியிருந்தாள். கடைசிக் காலத்தில் அது படிக்கவே முடியாத பச்சைக் கறையாகிவிட்டது. அதனால் "கொஞ்சம் பெருசா போட்டுக்கலாங்க" என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஸ்டென்சில் ஒட்டியதும் வந்தவரையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். சிலர் கண்ணாடியில் பார்த்துவிட்டு "தலைகீழா இருக்கே" என்று பதறுவார்களாம்.

வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். ஒரு பையன் கழுத்தில் காதலி பேர் கேட்டு வந்திருக்கிறான். கடைக்காரர் மெதுவாக விசாரித்ததில், ராணுவத்தில் சேரப்போகிறானாம். அங்கே பச்சை எந்த இடத்தில் இருக்கலாம் என்று விதி உண்டு, கழுத்து அதில் கிடையாது. விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கடைக்கு நஷ்டம்தான்.

பிறகு இவனுக்கு முதல் ஆள் வந்தார். "நான் இன்னும் பழகறவன்" என்று முன்பே சொல்லியாயிற்று. மணிக்கட்டில் சின்ன இலை. குரு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒரு இடத்தில் கோடு நடுங்கிவிட்டது. வந்தவர் கவனிக்கவில்லை, சந்தோஷமாகக் கிளம்பத் தயாராகிவிட்டார். இவன் குரு முகத்தைப் பார்க்க, அவர் "நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொன்னான். ஆறி முடிந்ததும் வந்தால் காசில்லாமல் சரிசெய்து தருவதாகவும் சொன்னான். அவர் முகம் சட்டென்று வாடியது இவனுக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார், அதே கையை நீட்டினார்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான். பழகுவதற்கான விலையை வருகிறவரும் சேர்ந்துதான் கொடுக்கிறார். அது தெரிந்தே கொடுக்கிறாரா என்பதுதான் விஷயம்.

என் முறை வந்தபோது நான் கேட்காமலே அவன் சொன்னான்: "அண்ணே, நீங்க ரத்தம் குடுக்கறவராச்சே. குத்திக்கிட்டா ஒரு வருஷம் குடுக்க முடியாது, பரவால்லயா?"

அடுத்த வாரம் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறேன். கை அவனுக்குத்தான்.