வெளிநாட்டில் வாடகைக் கார்: புறப்படுமுன் அறிய வேண்டியவை

கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. அமீரகத்திலுள்ள உறவினரைக் காணச் செல்வோர், வாடகைக் காரைத் தாமே ஓட்டிக் குடும்பத்துடன் சுற்றிவர விரும்புவது இயல்பே.

ஆயினும், வருகை விசாவில் செல்பவர் நமது உரிமத்தை மட்டும் காட்டினால் போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படும் இதனை, புறப்படுமுன்பே நமது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவம் அளித்துப் பெறலாம், ஓராண்டுக்குச் செல்லும். இவ்வனுமதியின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீடு மறுக்கப்பட்டு இழப்பு முழுவதும் ஓட்டியவர் தலையில் விழக்கூடும்.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். ரவுண்டானாவில் இடப்புறமிருந்து வருவோருக்கு வழிவிட வேண்டும். காமிராவில் பதிந்த அபராதம், வண்டியைத் திருப்பித் தந்த பின்னரும் தேடிவரும்.

வாடகை வண்டியும் அமானிதமே. பெறும்போதே கீறல்களைக் குறித்துப் படமெடுத்து, பெற்றவாறே ஒப்படைப்போம்.