ஆயுதச் சந்தையில் யார் முந்துகிறார்கள்?



நம்ம பக்கம் 'மருந்து' என்றால் முதலில் பட்டாசுதான் ஞாபகம் வரும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்தால் கருமருந்து. பழைய காலத்தில் பீரங்கிக்குப் போட்டதும் இதே கலவைதான். அந்த மருந்தின் பெரியண்ணனான ராணுவத் தளவாடத் தொழிலில் உலகப் போட்டி எப்படி மாறுகிறது என்பதை இந்த வாரம் எழுதுகிறேன்.

பட்டாசும் பீரங்கியும்

பட்டாசை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வெடித்தால் கணக்கு முடிந்தது. பீரங்கியும் டாங்கியும் அப்படி இல்லை. அரசாங்கம்தான் வாங்கும். வாங்கிய பிறகு 30, 40 வருசத்துக்கு உதிரி பாகம், குண்டு, ரிப்பேர் எல்லாத்துக்கும் விற்ற நாட்டிடமே போய் நிற்கணும். அவர்கள் முறைத்துக்கொண்டால் டாங்கி ஷெட்டை விட்டு நகராது. ஆக, இது கடையில் சாமான் வாங்குவதைவிட சம்பந்தம் பண்ணுவதற்குத்தான் பக்கம்!

ஆவடியைப் பாருங்கள்

சென்னை ஆவடி தொழிற்சாலையில் 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அதன் வடிவமைப்பு இங்கிலாந்தினுடையது. பிறகு அதே ஆவடியில் ரஷ்யாவின் டி-72, டி-90 டாங்கிகளைச் செய்தார்கள். அப்புறம் நம்ம நாட்டு வடிவமைப்பில் 'அர்ஜுன்' வந்தது. அதன் புதிய ரகத்தை 14-2-2021 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்தார். ஆனால் அர்ஜுனுக்கும் என்ஜின் ஜெர்மனியினுடையதுதான். முழுசா சொந்தக்காலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இதிலிருந்தே தெரியுது.

வரிசை மாறுது

சுவீடனில் உள்ள 'சிப்ரி' ஆய்வு நிறுவனம் உலக ஆயுத விற்பனையைக் கணக்கெடுக்கிறது. அதன்படி 2020-24 காலத்தில்:

* அமெரிக்கா – 43 சதவீதம்
* பிரான்ஸ் – 9.6 சதவீதம்
* ரஷ்யா – 7.8 சதவீதம்

ரொம்ப காலம் இரண்டாம் இடத்தில் இருந்த ரஷ்யா மூன்றாவதாகிவிட்டது. முந்தைய ஐந்து வருசத்தோடு பார்த்தால் அதன் ஏற்றுமதி 64 சதவீதம் குறைந்திருக்கிறது. 2022-ல் உக்ரைன் மீது போர் தொடுத்த பிறகு, செய்வதை எல்லாம் தன் படைக்கே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. பொருளாதாரத் தடைகளும் சேர்ந்துகொண்டன.

காலி இடத்துக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். தென்கொரியாவிடம் 2022-ல் போலந்து ஆர்டர் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே முதல் டாங்கிகளும் பீரங்கிகளும் கப்பலில் வந்து இறங்கிவிட்டன. துருக்கி, விலை குறைந்த ஆளில்லா விமானங்களால் பேர் வாங்கியது. சொன்ன தேதியில் கொடுப்பவனுக்கும் மலிவாகக் கொடுப்பவனுக்கும்தான் இப்போ மவுசு.

பருத்திக்கும் பங்கு உண்டு!

இன்றைய பீரங்கிக் குண்டைத் தள்ளுவது கருமருந்து இல்லை. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் பக்குவப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு அதுதான் அடிப்படை. நீலகிரி அரவங்காட்டில் நூறு வருசத்துக்கு மேலாக கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. உக்ரைன் போரில் குண்டு பற்றாக்குறை வந்தபோது ஐரோப்பா முழித்தது. காரணம், இந்தப் பஞ்சுக்குப் பெரும்பாலும் சீனாவை நம்பியிருந்தார்கள். கரிசல்காட்டுக்காரங்களான நமக்கு இது ஆச்சரியமான செய்திதானே?

நம்ம நாடு எங்கே?

2020-24-ல் ஆயுதம் வாங்குவதில் இந்தியாவுக்கு உலகில் 2-ம் இடம். விற்பதிலும் வளர்கிறோம். 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 23,622 கோடி ஆனது. பிரம்மோஸ் ஏவுகணைக்கு 2022-ல் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் போட்டது. 2024-ல் அனுப்பத் தொடங்கினோம். போட்டிக்கு ஈடுகொடுக்க 1-10-2021 அன்று 41 அரசு தளவாடத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். தமிழ்நாட்டில் 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி இருக்கின்றன. நம்ம மாவட்டம் அந்த ஐந்தில் இல்லை.

நான் நினைப்பது

போட்டி என்றால் இரண்டே சொல்: சீக்கிரம், மலிவு. மருந்து வேலைக்கு அந்த இரண்டுமே ஆகாது. எங்க தெருவில் பட்டாசு வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் கூடும்; அவசரம் கூடினால் ஆபத்தும் கூடும். 12-2-2021 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளம் வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்கவில்லை. 24-1-2025 அன்று மகாராஷ்டிராவில் பண்டாரா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வெடிவிபத்தில் 8 பேர் போனார்கள். பட்டாசோ, பீரங்கிக் குண்டோ, மருந்துக்குப் பக்கத்தில் நிற்பது தொழிலாளிதான்.

அதனால் யார் எத்தனை கோடிக்கு விற்றார்கள் என்று படிக்கும்போது, அங்கே வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்பினார்களா என்றும் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்க நம்ம ஊரைவிடத் தகுதியான ஊர் எது?



– 10-ஆம் வகுப்பு மாணவி, இருக்கன்குடி