நீர்ம அழுத்த விளிம்பு பிரேக்

நீர்ம அழுத்த விளிம்பு பிரேக் என்பது, கைப்பிடியில் தரப்படும் விசையை எண்ணெயின் வழியாகக் கடத்தி, பிரேக் கட்டைகளைச் சக்கர விளிம்பின் இரு பக்கங்களிலும் அழுத்தி மிதிவண்டியை நிறுத்தும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் ரிம் எனப்படும் விளிம்பையே இது பற்றுகிறது. சக்கர மையத்தில் பொருத்திய தனித் தட்டைப் பற்றும் டிஸ்க் பிரேக்கிலிருந்து இவ்வகையில் வேறுபடுகிறது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை பணிமனைகளில் "ஏர் எடுத்தல்" எனப்படுகிறது.

வரலாறு

தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கனமான மிதிவண்டிகளில், இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் கட்டைகள் விளிம்பின் உட்பக்கத்தில் அழுந்துகின்றன. பிற்கால மிதிவண்டிகளில் கம்பிக்குப் பதிலாக வளையும் கேபிள் வந்தது. கேபிளில் உராய்வு, துரு, நீட்சி ஆகிய குறைகள் உண்டு. இவற்றைத் தவிர்க்க எண்ணெய் பயன்படுத்தப்பட்டது. ஜெர்மனியின் ஊராக் நகரில் 1893-இல் குஸ்தாவ் மாகன்விர்த் தொடங்கிய மகுரா நிறுவனம், 1987-இல் மிதிவண்டிக்கான நீர்ம அழுத்த விளிம்பு பிரேக்கை அறிமுகப்படுத்தியது. இந்நிறுவனத்தின் எச்.எஸ். 11, எச்.எஸ். 33 ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. நெடும்பயண மிதிவண்டிகளிலும், தடைகளைத் தாண்டும் டிரயல்ஸ் போட்டி மிதிவண்டிகளிலும் இவை பயன்படுகின்றன.

அமைப்பும் இயக்கமும்

கைப்பிடியில் ஒரு தலைமை உருளையும், விளிம்பின் இருபுறமும் ஒவ்வொரு சிறிய உருளையும் உள்ளன. குழாய்கள் இவற்றை இணைக்கின்றன. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதன் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, 1 சதுர செ.மீ. பரப்புள்ள தலைமை உந்துதண்டில் 200 நியூட்டன் விசை செயல்பட்டால் ஏறத்தாழ 20 பார் அழுத்தம் உண்டாகும். கீழுள்ள ஒவ்வோர் உந்துதண்டும் 2 சதுர செ.மீ. பரப்புடையது எனில், ஒவ்வொன்றும் 400 நியூட்டன் விசையுடன் விளிம்பை அழுத்தும். விசை பெருகும் அளவுக்கு நகர்வு குறையும். தலைமை உந்துதண்டு 10 மி.மீ. நகர்ந்தால் கட்டைகள் 2.5 மி.மீ. மட்டுமே நகரும்.

பல டிஸ்க் பிரேக்குகளில் உள்ளதுபோல் இதில் எண்ணெய்த் தொட்டி இல்லை. கட்டை தேயும்போது தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கி இடைவெளியை நிரப்பாது. கைப்பிடியில் உள்ள திருகைத் திருகியே இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

காற்றின் விளைவு

எண்ணெய் அழுத்தத்தால் மிகச் சிறிதளவே சுருங்கும். காற்றோ எளிதில் சுருங்கும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 0.2 கன செ.மீ. காற்றுக் குமிழ் இருந்தால், 20 பார் அழுத்தத்தில் பாயில் விதிப்படி அது ஏறத்தாழ 0.01 கன செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். கைப்பிடி நகர்வில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே வீணாகும். கைப்பிடி பஞ்சுபோல் மெத்தென்று அழுந்துவதற்கு இதுவே காரணம்.

எனினும் மெத்தென்ற உணர்வு எப்போதும் காற்றினால் உண்டாவதில்லை. பிரேக் பிடிக்கும்போது சட்டத்தின் பின் கவைகள் வெளிப்புறமாக விரிவதாலும் இதே உணர்வு தோன்றும். பிறர் ஒருவரைக் கைப்பிடியை அழுத்தச் செய்து, கவைகளைப் பின்னாலிருந்து பார்த்தால் இது புலப்படும். இதற்கு இரு உருளைகளையும் இணைக்கும் குதிரை லாட வடிவப் பட்டையே தீர்வு. காற்று நீக்குவதால் பயன் இல்லை.

எண்ணெய் வகை

இவ்வகை பிரேக்குகளில் கனிம எண்ணெய் பயன்படுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆகவே கசிவும் காற்றும் இல்லாதவரை எண்ணெயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் எளிதில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஊற்றினால், கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் வளையங்கள் உப்பிச் சிதையும். முதலில் பிரேக் நன்றாகவே இயங்கும், பின்னர் ஓடும்போதே செயலிழக்கக்கூடும். குமாரபாளையம் போன்ற விசைத்தறி நகரங்களில் கிடைக்கும் தறி எண்ணெயும் பொருந்தாது. அது கனிம எண்ணெயாக இருந்தாலும், அதன் பாகுநிலையும் சேர்பொருள்களும் பிரேக்குக்கென அமைந்தவை அல்ல. தயாரிப்பாளர் குறிப்பிடும் எண்ணெயையே பயன்படுத்த வேண்டும்.

காற்று நீக்கும் முறை

காற்று எண்ணெயில் மேலெழும். எனவே எண்ணெய் கீழிருந்து மேலாகச் செலுத்தப்படுகிறது.

1. சக்கரத்தையும் பிரேக் கட்டைகளையும் கழற்றி, எண்ணெய் படாத இடத்தில் வைக்க வேண்டும்.
2. இடைவெளி சரிசெய்யும் திருகை முழுவதும் பின்னோக்கித் திருப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அமைப்பில் எண்ணெய் குறைவாகவே நிரம்பும்.
3. கைப்பிடியின் காற்றுத் துளை மிக உயர்ந்த இடத்தில் அமையுமாறு கைப்பிடியைச் சாய்க்க வேண்டும்.
4. எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சைக் குமிழ் இல்லாதவாறு கீழ் உருளையின் துளையில் இணைக்க வேண்டும். மேல் துளையைத் திறந்து, தண்டு நீக்கிய மற்றொரு சிரிஞ்சைப் பொருத்த வேண்டும்.
5. கீழ் சிரிஞ்சை மெதுவாக அழுத்தியபடி, குழாய்களையும் கைப்பிடியையும் விரலால் தட்ட வேண்டும். குமிழ்கள் வருவது முற்றிலும் நின்றபின் மேல் திருகை முதலில் மூட வேண்டும். அதன் பிறகே கீழ் சிரிஞ்சைக் கழற்றிக் கீழ்த் துளையை மூட வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் கீழே வடிந்து காற்று மீண்டும் புகும்.
6. சிந்திய எண்ணெயைத் துடைத்துச் சக்கரத்தையும் கட்டைகளையும் பொருத்த வேண்டும். பின் கைப்பிடியைச் சற்று நேரம் இறுக அழுத்திப் பிடித்து, இணைப்புகளில் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சாலையில் செல்லுமுன் நடைவேகத்தில் சோதிப்பது இன்றியமையாதது.

பழுதறிதல்

* கைப்பிடி ஹேண்டில்பார் வரை அழுந்துதல்: கட்டைத் தேய்வு, அல்லது காற்று. முதலில் கட்டையைப் பார்த்து, இடைவெளியைக் குறைத்துச் சோதிக்க வேண்டும்.
* அழுத்திப் பிடித்த கைப்பிடி மெல்ல இறங்குதல்: கசிவு. காற்று நீக்குவது இதற்குத் தீர்வாகாது. பழுதான வளையம் அல்லது இணைப்பை மாற்ற வேண்டும்.
* கைப்பிடி கெட்டியாக இருந்தும் வண்டி நில்லாமை: கட்டையில் அல்லது விளிம்பில் எண்ணெய்ப் பசை. விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு துடைக்கலாம். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றுவதே நன்று.
* ஒரு கட்டை மட்டும் உரசுதல்: உருளை பொருத்தப்பட்ட நிலை தவறு, அல்லது சக்கரக் கோட்டம்.
* கட்டை மெதுவாகத் திரும்புதல்: உந்துதண்டைச் சுற்றிப் படிந்த அழுக்கு.

மலைப்பாதைகளில்

குமாரபாளையம் அமைந்துள்ள நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய நீண்ட இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் வெப்பம் பெரும்பாலும் விளிம்பிலேயே சேரும். எண்ணெய் அதிகம் சூடாவதில்லை. எனினும் விளிம்பின் வெப்பத்தால் டியூபில் காற்றழுத்தம் உயர்ந்து, ஒட்டுகள் விடுபடவோ டயர் வெடிக்கவோ கூடும். விட்டுவிட்டுப் பிடிப்பதும், இடையிடையே நின்று விளிம்பை ஆறவிடுவதும் பாதுகாப்பானவை. விளிம்பின் சுவர் நாளடைவில் தேய்ந்து மெலிவதால் அதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* பாஸ்கல் விதி
* பாயில் விதி
* டிஸ்க் பிரேக்