பிரம்பு போனது, வீட்டுப்பாடத்துக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் மாணவரை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அடிக்காமல் அவரை எழுத வைப்பது எப்படி என்ற கேள்விக்குத்தான் நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் இன்னும் விடை இல்லை.

மாணவர்களை அடிக்க இடமளித்த தில்லி பள்ளிக் கல்வி விதிகளை 2000 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையை மட்டுமன்றி மனரீதியான துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடை செய்தது.

தேவை இருந்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10 கல்வியாண்டில் ஏழு மாநிலங்களில் 6,632 மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. தண்டனையே பெற்றதில்லை என்று கூறியவர்கள் 9 பேர் மட்டுமே. குனிந்து, கால்களுக்குப் பின்புறமாகக் கைகளை நுழைத்துக் காதுகளைப் பிடித்து நிற்கும் தண்டனைக்கு வட மாநிலங்களில் "முர்கா" (சேவல்) என்று பெயர். வட இந்தியப் பள்ளிகளில் படித்தவர்களிடம் அதற்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டுக்குச் சென்ற தண்டனை

பிரம்பின் இடத்தைப் பிடித்தது பள்ளி டைரி. "வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்று ஆசிரியர் எழுதுவார். பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இப்போது அதே வாசகம் வாட்ஸ்அப்பில் தாயின் செல்போனுக்கு வருகிறது. புகார் சொல்பவர் ஆசிரியர், பதில் சொல்பவர் தாய். பாடம் எழுத வேண்டிய பிள்ளைக்கு இந்த உரையாடலில் இடமில்லை. அடி மட்டும் சில வீடுகளில் நிற்பதில்லை. பள்ளியில் விழாமல் வீட்டில் விழுகிறது.

பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களில் நிலைமை வேறு. தன் மீதான புகாரைத் தானே படித்துக் காட்ட வேண்டிய பிள்ளை, அதைப் படிப்பதும் மாற்றிப் படிப்பதும் அன்றைய தைரியத்தைப் பொறுத்தது. மறுநாள் பள்ளிக்கே போகாமல் இருந்துவிடுவது அதைவிட எளிய வழி.

வசதியுள்ள இடங்களில் பொறுப்பு வேறு விதமாகக் கைமாறுகிறது. "அசர்" அமைப்பின் 2022-ம் ஆண்டு அறிக்கையின்படி, கிராமப்புறங்களில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான குழந்தைகளில் 30.5 சதவீதத்தினர் கட்டணம் செலுத்தி டியூஷன் படித்தனர். பிகாரிலும் மேற்கு வங்கத்திலும் இது 70 சதவீதத்தைத் தாண்டியது. டியூஷன் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டில் பள்ளி ஆசிரியர் கையெழுத்திடுவதில் மாணவரின் பங்கு கையெழுத்து அழகு மட்டுமே. தில்லி தனியார் பள்ளிகளின் கோடை விடுமுறை "புராஜெக்ட்"களோ, பல வீடுகளில் அப்பா அம்மாவின் விடுமுறையைத்தான் விழுங்குகின்றன.

கூட்டிப் பார்க்காத கணக்கு

அளவு குறித்து அரசுகள் பேசாமல் இல்லை. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், 1989-ல் புத்தகப் பை சுமை குறித்து ஆற்றிய உரை பெரிதும் பேசப்பட்டது. பின்னர் அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு, தொடக்க வகுப்புகளில் வழக்கமான வீட்டுப்பாடமே கூடாது என்று 1993-ல் பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018 மே மாதம் உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது.

2020-ல் வெளியான பள்ளிப் பை கொள்கை மேலும் ஒரு படி சென்றது. 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் 2 மணி நேரம் என உச்சவரம்பு வைத்தது. ஆனால் 7-ம் வகுப்பில் ஐந்து பாட ஆசிரியர்களும் ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுத்தால் இரண்டரை மணி நேரமாகிறது. தத்தம் அளவில் எவரும் தவறு செய்யவில்லை. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய மொத்தத்தை எழுதி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அதைச் செய்யாமல் பிள்ளையிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இத்தனை ஆவணங்களும் எவ்வளவு எழுத வேண்டும் என்பதைப் பற்றியே கவலைப்பட்டன. எழுதாமல் வந்த பிள்ளையிடம் மறுநாள் காலை என்ன சொல்வது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிட்டன.

ஒரு துண்டுத் தாள்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. பாடம் முடிக்காத மாணவர் ஒரு துண்டுத் தாளில், எந்தப் பாடம், ஏன் முடிக்கவில்லை, எப்போது முடித்துத் தருவேன் என்று தாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் அதைக் கோப்பில் வைத்துக்கொள்வார். திட்டு இல்லை, விலக்கும் இல்லை. கெடுவைக் குறித்தவர் மாணவரே என்பதால், அது தவறினால் சாக்குச் சொல்ல இடம் குறைவு.

இந்தியச் சூழலில் இதன் பயன் வேறொன்று. மாதக் கடைசியில் அந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தால், "சோம்பேறி" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியவர்கள் தனித்தனியாகத் தெரிவார்கள். மறந்துவிட்டேன் என்று நான்கு முறை எழுதியவருக்குத் தேவை ஒரு குறிப்பேடு. கணக்கு புரியவில்லை என்று 20 பேர் எழுதியிருந்தால், திரும்ப நடத்த வேண்டியது பாடத்தை. லாரித் தண்ணீரை நீண்ட காலமாக நம்பியிருக்கும் சங்கம் விஹார் போன்ற தில்லிக் குடியிருப்புகளில், குடம் சுமக்கும் சிறுமியின் காரணத்தை எந்தப் பிரம்பும் வெளிக்கொண்டு வராது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி அளிப்பது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அந்த மதிப்பீட்டுக்கு இதைவிட மலிவான கருவி கிடைப்பது அரிது.

தாளையே 50 முறை எழுதச் சொன்னால் அது பழைய இம்போஸிஷன்தான். வகுப்பில் உரக்கப் படிக்க வைத்தால் 17-வது பிரிவு தடுக்கும் அவமானம். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது.

இடமும் ஒரு பிரச்னை. தலைநகரில் ஏராளமான அரசுப் பள்ளிக் கட்டடங்கள் இரண்டு ஷிப்டுகளில் இயங்குகின்றன. காலையில் மாணவிகள், பிற்பகலில் மாணவர்கள். ஒரு ஷிப்ட் முடியும்போதே அடுத்தது வாசலில் நிற்கும். விட்டுப்போன பாடத்தைப் பள்ளியிலேயே உட்கார்ந்து முடிக்க ஒரு பெஞ்சுகூட மிஞ்சாது. ஒற்றை அறை வீட்டிலும் அந்த இடம் இல்லை. பள்ளி நேரத்துக்குள்ளேயே வாரம் ஓரிரு பாடவேளைகளை இதற்கு ஒதுக்குவது ஒன்றே வழி. ஆனால் பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும் என்று அதே 24-வது பிரிவு கட்டளையிடுவதால், தலைமை ஆசிரியர்கள் தயங்குகின்றனர்.

பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மாற்றம் செய்ய இவ்வளவு சிரமமில்லை. தில்லி அரசுப் பள்ளிகளில் 2016 ஜூலையில் இந்தக் கூட்டம் பெரிய அளவில் நடத்தப்பட்டு, நாளிதழ்களில் இடம்பிடித்தது. ஆசிரியர் பேசுவார், பெற்றோர் தலையாட்டுவர், பிள்ளை ஓரமாக நிற்கும் என்பதே இத்தகைய கூட்டங்களின் வழக்கம். கோப்பிலுள்ள தாள்களைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, முதலில் அதைப் பேசவிட அரசாணை எதுவும் தேவையில்லை.