எடை குறைந்தது, தோல் ஏன் தொங்குகிறது?

பாடுபட்டு 20 கிலோ குறைத்தவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் விசாரிப்பு, "என்ன, சுகர் வந்துடுச்சா? முகமெல்லாம் ஒட்டிப்போச்சே!" என்பதுதான். கண்ணாடி முன் நின்றால் வயிறு மடிந்து தொங்குகிறது, மேல்கை தொளதொளவென்று ஆடுகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று தோல், மற்றொன்று தசை. தோல் விஷயத்தில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தசை விஷயத்தில் நிறைய இருக்கிறது.

தோல் ஏன் சுருங்குவதில்லை?

தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் இருக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்து விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். பல ஆண்டுகள் தோல் விரிந்தே இருந்தால் இந்த இழைகள் சிதைந்துபோகும். எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் தயாரிக்கிறது; பெரியவர்களுக்கு அது புதிதாக உருவாவது மிகக் குறைவு. அதனால்தான் 25 வயதில் 10 கிலோ குறைப்பவருக்குப் பெரும்பாலும் தோல் ஒட்டிக்கொள்கிறது. 50 வயதில் 40 கிலோ குறைப்பவருக்கு மடிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம், பரம்பரை, பிரசவம், வெயில், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

தொங்குவதெல்லாம் தோல்தானா என்று அறிய, அந்த இடத்தைக் கிள்ளிப் பாருங்கள். புறங்கைத் தோலைப் போல மெல்லியதாக இருந்தால் அது வெறும் தோல். தடிமனாக இருந்தால் அடியில் இன்னும் கொழுப்பு இருக்கிறது. அது குறையக் குறைய அந்த இடம் மாறும்.

எடை மெஷின் சொல்லாதது

டயட் தொடங்கிய முதல் வாரத்தில் சடசடவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு கொழுப்பு கரைகிறது, கூடவே தசையும் கரைகிறது. சாப்பாட்டை மட்டும் குறைப்பவர்கள் இழக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதி. பட்டினிக்குச் சமமான டயட்டில் இது இன்னும் கூடும். உடல்பருமனுக்குப் போடும் ஊசி மருந்துகளிலும் தசை இழப்பு உண்டு. தோலுக்கு அடியில் கொழுப்பும் போய்த் தசையும் வற்றினால், தொய்வு இரட்டிப்பாகத் தெரியும்.

நம் நாட்டினருக்குத் தசையைக் காப்பது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினுடன் எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கும் எடைக்குமான விகிதம்) 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலிலும் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கக்கூடும். இருக்கிற கொஞ்சத் தசையையும் டயட்டில் இழப்பது நட்டம். ஆகவே மெஷினில் ஏறுவதோடு நிறுத்தாமல் இடுப்பையும் டேப்பால் அளந்துவாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

என்ன செய்யலாம்?

வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தாருங்கள். ஜிம் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். நடைப்பயிற்சி நல்லது; ஆனால் தசையைக் காக்க அது மட்டும் போதாது.

எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் தினமும் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனிலோ காய்ந்த கொண்டைக்கடலையிலோ சுமார் 20 கிராம் புரதம் உண்டு. இட்லி, தோசையை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தோலை இறுக்கும் என்று விற்கும் கிரீம்கள் பெரிய மடிப்பை நீக்காது. மடிப்பில் வியர்வை தேங்கிப் படை வந்தால், மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள், படை முற்றிவிடும். குளித்ததும் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய மடிப்புக்குத் தீர்வு அறுவை சிகிச்சைதான். எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகே அதைச் செய்வது வழக்கம். நீளமான தழும்பு இருக்கும். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறுவது சிரமம் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள்.

மடிப்பு விழுந்தது என்பதற்காக, குறைத்த எடையை வீண் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றில் கிடைத்த நன்மை தோலின் தோற்றத்தைவிடப் பெரிது. இப்போது டயட்டில் இருப்பவர்கள், "முதலில் எடை குறையட்டும், உடற்பயிற்சி அப்புறம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இழந்த தசையை மீட்பதைவிட, இருப்பதைக் காப்பது எளிது.